தலைகீழாக நின்ற கோட்டை

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கப்பல் ஏஜென்சிக்காரர்களின் பில், தோணிகளின் சரக்குப் பட்டியல், கல்யாண மண்டப நோட்டீஸ், ஆதார் அட்டை, இவைதான் என் பிழைப்பு. கலர் பிரிண்டர் ஒன்றும் உண்டு. இன்னொரு கடைக்காரர் விற்றுவிட்டுப் போன பழைய இயந்திரம். கல்லாவுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை: ரூபாய் நோட்டு, முத்திரைத்தாள் நகல் எடுக்கப்படாது. அதை நானே தட்டச்சு செய்து ஒட்டினேன். ஒட்டியவளே மீறினேன்.

மீறச் சொன்னவர் ஒரு சரித்திர டீச்சர். பெண்கள் பள்ளியில் வேலை. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். கேள்வித்தாள் முழுவதும் என்னிடம்தான் பிரதி எடுப்பார் என்பதால் என்னை ‘ஏளா’ என்று கூப்பிடுகிற உரிமை அவருக்கு உண்டு. ஒரு நாள் காலையில் கல்யாணப் போட்டோ வைக்கிற ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“ஏளா, இதுல உள்ளதப் பெருசா அடிச்சுத் தரணும். ஒவ்வொண்ணும் சார்ட் சைஸ்ல.”

திறந்து பார்த்தேன். போட்டோ இருக்க வேண்டிய உறைகளில் ரூபாய் நோட்டுகள். நான் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினேன்.

“எனக்கும் படிக்கத் தெரியும்ளா,” என்று தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். “பள்ளிக்கூடத்துல கண்காட்சி. நோட்டுல போட்ட படத்த வச்சே நாட்டுக் கதையச் சொல்லப் போறோம். ஒரு பக்கந்தான் அடிக்கணும். குறுக்க ‘மாதிரி’ன்னு பெருசா போட்டுரு. இம்மாம்பெரிய நோட்ட எவன் கொண்டுபோய் மாத்துவான்?”

அது நியாயமாகத்தான் பட்டது. சம்மதித்தேன்.

அந்த நோட்டுகள் அவருடைய அப்பா சேர்த்தவை. அப்பா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகிற தலைவர். இங்கிருந்து வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்தவர். புதுப் படம் போட்ட நோட்டு எது கைக்கு வந்தாலும் அதில் ஒன்றைச் செலவழிக்காமல் ஒதுக்கிவிடுவாராம். இக்கரை நோட்டும் உண்டு, அக்கரை நோட்டும் உண்டு.

ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் வைத்து ஸ்கேன் செய்தேன். பதினோரு வருஷமாகக் கல்லாவில் நோட்டு வாங்கிப் போடுகிற நான், நோட்டைப் பார்த்தது அன்றைக்குத்தான். திரையில் அது விரியும்போது உள்ளங்கை அகலத்தில் இருந்தது ஊர் அகலத்துக்குப் போனது. முதலில் ராஜா தலை. கிரீடம் வைத்து, யாரையும் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிற வெள்ளைக்காரர். அடுத்த உறையில் சிலோன் நோட்டு. அதிலும் அதே ராஜா.

“அப்பா சொல்லுவாங்க, இங்கன ஏறும்போதும் இந்த மூஞ்சி, அங்கன எறங்கும்போதும் இந்த மூஞ்சின்னு. நடுவுல கடல் மட்டுந்தான் யார் மூஞ்சியும் இல்லாம கெடக்கும்னு.”

அதற்குப் பிறகு ராஜா போய்விட்டார். இங்கே தூணின்மேல் நிற்கிற சிங்கங்கள் வந்தன. அங்கேயும் சிங்கம்தான் வந்தது, வாள் ஏந்திய ஒற்றைச் சிங்கம். சிலோன் நோட்டில் தமிழ் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. நம் நோட்டின் பின்பக்கத்தில் மொழிகள் வரிசையாக நிற்கிற கட்டத்தில், கீழிருந்து மூன்றாவது வரியில் எறும்பு ஊர்வதுபோலத் தமிழ்.

பிறகு ஒரு பழைய பத்து ரூபாய். பின்பக்கத்தில் பாய் விரித்த கப்பல் ஒன்று. டீச்சர் திரையின் மேலேயே விரலை வைத்தார்.

“இது அப்பாவோட தோணி.”

நான் உடன்குடிப் பக்கத்து யாவாரிக் குடும்பத்தில் பிறந்தவள். கடலைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. ஆனாலும் கடைக்கு எதிரே தோணி நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். “பாய் வேற மாதிரில்லா இருக்கு டீச்சர். அரபு நாட்டுப் பக்கத்துக் கப்பல் மாதிரி தெரியுது.”

“இத எங்க அப்பாகிட்டச் சொல்லியிருந்தன்னா உன்னத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பாங்க,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விரலைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

அதன்பின் வயலில் டிராக்டர், ஒரு அணைக்கட்டு, விண்ணில் சுற்றுகிற செயற்கைக்கோள். புதிதாகக் குடித்தனம் போட்டவர்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் கிரைண்டரையும் பீரோவையும் காட்டுவதுபோல ஒரு நாடு தன் சாமான்களைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் பிறகு எல்லா நோட்டிலும் தேசப்பிதாவின் ஒரே சிரிப்பு. பின்பக்கத்தில் சக்கரம், குகை, கல்தேர், ஸ்தூபி, படிக்கிணறு, கோட்டை.

“பாத்தியா, முன்னால எல்லாம் இனிமே வரப்போறத வரைஞ்சாங்க,” என்றார் டீச்சர். “இப்ப இருந்தத வரையுதாங்க. செவ்வாய்க் கிரகத்துக்குப் போன ஒண்ண ரெண்டாயிரம் ரூவா நோட்டுல வரைஞ்சாங்க, அந்த நோட்டும் கையில நிக்காமப் போயிட்டு. ஏன்னு பிள்ளைங்க கேட்டா நான் என்ன சொல்லணும்னுதான் யோசிச்சிட்டு இருக்கேன்.”

கடைசிப் படத்துக்கு இப்போது புழங்குகிற ஐந்நூறு ரூபாய் வேண்டும் என்றார். என் கல்லாவிலிருந்து ஒரு நோட்டை எடுத்து முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தேன். அச்சுக்கு அனுப்பினேன். அங்கேதான் தவறினேன்.

அதற்கு முன்னால் ஒரு மண்டபத்துக்கு நோட்டீஸ் அடித்திருந்தேன். இரண்டு பக்கமும் அச்சு, நான்கு பிரதி, உள்ள அளவிலேயே. அந்த அமைப்பை நான் மாற்றவில்லை. சில புது இயந்திரங்கள் ரூபாய் நோட்டைக் கண்டால் அச்சடிக்க மறுத்துவிடும் என்பார்கள். என்னுடைய கிழட்டு இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். நான்கு தாள் வெளியே வந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஐந்நூறு ரூபாய், அதே அளவு, அதே சாம்பல் நிறம். முன்பக்கம் முகம், பின்பக்கம் கோட்டை.

“ஏ ஆத்தே,” என்றேன். டீச்சர் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்து, “நல்லாத்தான் அடிச்சிருக்க,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தாள்களைக் கிழித்துக் கழிவுத்தாள் போடுகிற அட்டைப்பெட்டியில் போட்டேன். அமைப்பை மாற்றிப் பெரிய படங்களை ஒவ்வொன்றாக அடித்து, குறுக்கே ‘மாதிரி’ என்று வருவதைச் சரிபார்த்துச் சுருட்டிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் நான் ஸ்கேன் செய்த ஐந்நூறு ரூபாயைப் பால்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அதை அப்போதே மறந்தும் போனேன்.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வடைக்கடை அண்ணாச்சி, நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் வந்து நின்றார்.

“விசயம் தெரியுமா? மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளிய மீன் விக்கிற ஒரு பொம்பளகிட்ட எவனோ கள்ள ஐந்நூறத் தள்ளிட்டுப் போயிட்டான். கலர் ஜெராக்ஸ்ல அடிச்சதாம்லா. போலீசு ஒவ்வொரு கடையா வருதாம். ஒங்க கடைக்கும் வருவாங்க, ரெடியா இரிங்க.”

அவர் சும்மா சொன்னார். எனக்கு ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. குனிந்து உள்ளே போய் அட்டைப்பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன்.

மூன்று நாள் கழிவு. ஆதார் அட்டைகளின் பாதி முகங்கள், மை பரவிய பில்கள், அவற்றின் நடுவே சாம்பல் நிறத் துண்டுகள். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் சேர்த்து வைத்தேன். ஒரு தாள் முழுசாகச் சேர்ந்தது. இரண்டாவது சேர்ந்தது. மூன்றாவதும் சேர்ந்தது. நான்காவது இல்லை.

மறுபடியும் தேடினேன். மேஜைக்கு அடியில், இயந்திரத்துக்குப் பின்னால், தாள்கட்டுகளுக்கு இடையில். நான் கிழித்தது நான்கா, மூன்றா? கையில் தாள் கிழிகிற உணர்ச்சி ஞாபகம் இருக்கிறது, எத்தனை என்று ஞாபகம் இல்லை. அந்தப் பெட்டியிலிருந்து தாளை எடுக்கிற ஆள் ஒருவர்தான் உண்டு. வடைக்கடை அண்ணாச்சி. எண்ணெய் ஒற்றவும் பொட்டலம் மடிக்கவும் நல்ல தாளாகப் பார்த்துத் தினமும் ஒரு கை அள்ளிக்கொண்டு போவார். நான் கிழிக்காமல் விட்ட ஒரு தாள் அவர் கடைக்குப் போய், அங்கிருந்து வடையோடு யார் கைக்கோ போய், அந்தக் கை கத்தரிக்கோலை எடுத்திருந்தால்?

அண்ணாச்சி கடைக்குப் போய் ஒரு உளுந்த வடை வாங்கினேன். பலகைக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்த தாள்களை, ஏதோ வேடிக்கை பார்ப்பவள்போல ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சோதனைக் கேள்வித்தாள், சரக்குப் பட்டியல், யாருடைய சாதிச் சான்றிதழோ. நோட்டு இல்லை.

“என்னத்தத் தேடுதிய?” என்றார் அண்ணாச்சி.

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒருத்தரு பில்லு ஒண்ணக் காணும்னாரு.”

வாயில் இருந்த வடையை என் கடைக்குப் பின்னால் வந்து துப்பினேன்.

கடையில் உட்கார முடியவில்லை. வருகிறவர்கள் நீட்டுகிற ஒவ்வொரு நோட்டிலும் அந்த முகம் சிரித்துக்கொண்டு வந்தது. கல்லாவைத் திறந்தால் அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. மூன்று நாள் முன்னால் திரையில் பெரிதாக்கி ரசித்த அதே முகம். காக்கி நிறத்தில் எது சாலையில் போனாலும் எட்டிப் பார்த்தேன். மின்வாரிய ஊழியர் ஒருவர் மீட்டர் பார்க்க வந்தபோது எழுந்து நின்று கும்பிட்டுவிட்டேன்.

மத்தியானம் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். புதுத் துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்கெடுக்கிற வேலை அவருக்கு. நான் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்; சாப்பாட்டு இடைவேளையில் அவரும் வந்துவிட்டார். சொன்னேன். சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்தக் கிழிச்ச துண்டெல்லாம் எங்க?”

“கவர்ல போட்டு வச்சிருக்கேன்.”

“அடுப்புல போடு. மொதல்ல அதச் செய். கம்ப்யூட்டர்ல இருக்கதயும் அழிச்சிரு.”

“அழிச்சாலும் மெசின்ல இருக்கும்ங்க. எடுத்துருவாங்க.”

“ஏளா, வீட்டுல ஒரு ஆளு மேல போலீஸ் கேசுன்னா என் போர்ட் பாஸ் என்னாவும்னு தெரியுமா? பாஸ் இல்லன்னா கேட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. நாளைக்கே என்ன நிப்பாட்டிருவான்.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். “நீ செய்யலன்னு எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்?”

சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். கவரைத் திறந்து ஒரு துண்டை எடுத்தேன். கண்ணாடி, மூக்கு, சிரிப்பில் பாதி. அதைத் தீயில் நீட்ட எனக்குக் கை வரவில்லை. பக்தி என்று சொல்ல மாட்டேன். எரித்துவிட்டால், எரித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வருமே என்ற பயம்தான். அடுப்பை அணைத்தேன். எரித்துவிட்டேன் என்று அவரிடம் பொய் சொன்னேன். அவர் வேலைக்குத் திரும்பிப் போனார்.

அந்தக் கள்ள நோட்டைப் பார்த்த ஆளிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே சாலையோரம் உட்கார்ந்து விற்கிறவள் அவள் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. அவளைச் சுற்றி நான்கு பேர் நின்று அதே கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். முன்னால் தட்டில் வெளமீனும் பாறை மீனும்.

“நோட்டு எப்படியிருந்துச்சு?” என்று நானும் கேட்டேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

“எப்படியிருந்துச்சு? நோட்டு மாதிரிதான் இருந்துச்சு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படத்தப் பாத்துத்தான் வாங்குவேன். கோட்ட போட்டது ஐந்நூறு, கெணறு போட்டது நூறு, தேரு போட்டது அம்பது. அந்த ஆளு மடிச்சுக் குடுத்தான், இடுப்புல சொருகிட்டேன். அப்புறம் எடுத்துத் திருப்புதேன், கோட்ட தலகீழா நிக்கு!”

“தலகீழாவா?”

“ஆமா மக்கா. நம்ம நோட்டத் திருப்பிப் பாரு, தாத்தாவும் நேரா இருப்பாரு, கோட்டயும் நேரா இருக்கும். இது அப்படியே கவுந்து கெடந்துச்சு. போலீசு வாங்கிட்டுப் போயிட்டாங்க. என் துட்டு போச்சு.”

சட்டென்று கிளம்பப் பார்த்தேன். ஒன்றும் வாங்காமல் போனால் சந்தேகப்படுவாள் என்று பட்டது. தட்டில் இருந்த வெளமீன் அத்தனையும் எடைபோடச் சொன்னேன். ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். அவள் அதை வாங்கி, இரண்டு கையாலும் விரித்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். ஒரு பக்கம் பார்த்தாள். திருப்பினாள். இன்னொரு பக்கம் பார்த்தாள். பிறகு நோட்டுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அது உண்மையான நோட்டு, ஏடிஎம்மிலிருந்து வந்த நோட்டு. இருந்தும் அந்த நேரத்தில் அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

“சரிதான்,” என்று இடுப்பில் செருகினாள்.

அவளுக்கு இன்னொரு ஐந்நூறைக் கொடுத்துவிட்டு வர எனக்கு எவ்வளவோ ஆசை. கொடுத்தால் அதுவே வாக்குமூலம் ஆகிவிடும் என்று கொடுக்கவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது.

கடைக்குள் போய் ஷட்டரை உள்பக்கமிருந்து இறக்கினேன். துண்டுகளை ஒட்டி முழுசாக்கி, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதுபோலத் திருப்பினேன். கோட்டை தலைகீழாக நின்றது. மண்டப நோட்டீஸை நாள்காட்டி மாதிரி கீழிருந்து மேலாகத் தூக்கிப் பார்க்கிற விதத்தில் அடித்திருந்தேன். அதே அமைப்பில் வந்ததால் என் கோட்டையும் கவிழ்ந்துவிட்டது. மூன்று தாளிலும் அப்படியே.

அப்படியானால் அது என்னுடையதுதான். நான்காவது தாள்தான். எழுத்தறியாத ஒருத்தியின் இடுப்பிலிருந்து ஒரு நாள் உழைப்பை எடுத்தது என் இயந்திரம்தான். தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மீன் பைக்குள் நாற ஆரம்பித்தது.

டீச்சர் போனை எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கே போனேன். மறுநாள் கண்காட்சி என்பதால் அரங்கில் படங்களை மாட்டிக்கொண்டிருந்தார். ராஜாவும் சிங்கங்களும் கப்பலும் சுவர் முழுக்க. நான் வாயைத் திறப்பதற்குள் கடைசியில் ஒரு வெள்ளை அட்டை கண்ணில் பட்டது. நடுவில் ஒரு ஐந்நூறு ரூபாய் ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி அம்புக்குறி போட்டு, இது அசோகத் தூண், இது ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

“டீச்சர், இது எங்க உள்ளது?”

“உன் மெசின்ல வந்ததுதான்ளா. நல்லா இருந்துச்சேன்னு ஒண்ண ஆல்பத்துக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்தேன். ஏன், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்காவது கிடைத்துவிட்டது, ஆனால் நான்கோடு நிறுத்தினேன் என்பதைப் போலீஸ் நம்ப வேண்டுமே. அரங்கின் நடுவில் நின்று, கையில் மீன் பையோடு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க டீச்சர் முகமும் வெளுத்தது. சேசுவே, மாதாவே என்று கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். அட்டையைக் கீழே இறக்கி, ஈரத்துணியால் அந்த நோட்டை உரிக்கப் போனார்.

“உரிக்காதீங்க,” என்றேன். “அப்படியே எடுத்துட்டு வாங்க. ஸ்டேசனுக்குப் போவோம்.”

“கூப்பிடாமலேயா?”

“அவங்க வந்து நிக்கது வரைக்கும் என்னால இருக்க முடியாது டீச்சர். இதுக்கு மேல ஒரு நாள் இப்படி இருந்தா செத்துருவேன்.”

ஆட்டோவில் போனோம். டீச்சர் மடியில் அட்டை, என் கையில் ஒட்டிய துண்டுகள் இருந்த கவர். ஸ்டேஷன் வாசலில் இறங்கியபோது இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். உள்ளே இருந்த எஸ்.ஐ. ஒரு பெண். முப்பது வயது இருக்கும். நான் மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி, மண்டப நோட்டீஸிலிருந்து வடைக்கடை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

“நோட்டு மாதிரி ஒண்ண அச்சடிக்கதே தப்புன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் மேடம். கடையில அட்டையே ஒட்டியிருக்கேன்.”

“ஒட்டிட்டு அடிச்சிருக்கீங்க.” தன் போனை எடுத்து ஒரு படத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். “இந்தா, மீன்காரம்மா குடுத்தது. நம்பரைப் பாருங்க. உங்க துண்டுல உள்ளத வாசிங்க.”

அதுவரைக்கும் எண்ணைப் பற்றி யோசிக்கவே இல்லை. நான் முகத்தையும் கோட்டையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு எண் உண்டு என்பது புத்தியில் வரவில்லை. துண்டைக் கண்ணருகே கொண்டுபோனேன். கண்ணீரில் எழுத்து நீந்தியது. டீச்சர் என் கையிலிருந்து வாங்கித் தன் அட்டையோடு சேர்த்து வைத்து, வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் வாசித்தார். எஸ்.ஐ. தன் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மூன்றாவது எழுத்திலேயே வேறாகிவிட்டது.

“இது வேற நோட்டு,” என்றார். “அதுல நூலு மாதிரி வெள்ளிப் பெயின்ட்டு வேற இழுத்திருக்கான். தாளும் வேற. ரெண்டு பக்கமும் அடிக்கும்போது படம் கவுந்து வர்றது யாருக்கும் நடக்குறதுதான். ஆனா நீங்க சொல்லுதத வச்சு நான் நம்பிற முடியாது. மெசின எடுத்துட்டு வரச் சொல்லுதேன். எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்குக் காலையில அந்தப் பள்ளிக்கூடத்தையும் நான் பாக்கணும்.” எழுந்துகொண்டே கவரைத் தொட்டார். “இத எரிக்காமக் கொண்டுவந்தீங்களே, அதுவே பெரிசு. எரிச்சிருந்தா இந்நேரம் நான் வேற மாதிரி பேசியிருப்பேன்.”

வீட்டுக்கு வந்து, எரிக்கவில்லை என்பதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மீன் பையை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவினார்.

மறுநாள் கண்காட்சி திறப்பதற்கு முன்பே எஸ்.ஐ. வந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, ‘மாதிரி’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். நாங்கள் இருவரும் பின்னால், குற்றவாளிகள் மாதிரி நடந்தோம். உண்மையில் குற்றவாளிகள்தானே. டிராக்டர் போட்ட ஐந்து ரூபாயின் முன்னால் அவர் நின்றுவிட்டார்.

“எனக்கு விளாத்திகுளம் பக்கம்,” என்றார், எங்களைப் பார்க்காமல். “மழைய நம்பி வெதைக்கிற காடு. எங்க ஊருக்கு டிராக்டர் வர்றதுக்கு முன்னால இந்த நோட்டு வந்துருச்சுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. கையில டிராக்டர வச்சுக்கிட்டு மாட்டப் பூட்டி உழுதோம்பாரு.”

டீச்சர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப்புத்தகத்தை எடுத்து அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு நாளில் முதல் சிரிப்பு. ஆனால் உடனே எஸ்.ஐ. திரும்பினார், நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“இதெல்லாம் இருக்கலாம். ஆனா அடுத்த தடவ எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கிட்டுச் செய்ங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இயந்திரம் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. என்மேல் வழக்கு எதுவும் போடவில்லை. எச்சரித்து எழுதி வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் அந்த ஆறு வாரமும் துறைமுக கேட்டில் பாஸை நீட்டும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததாகப் பிறகுதான் சொன்னார். கள்ள நோட்டை அடித்தவன் பிடிபட்டானா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஸ்டேஷனுக்கு இன்னொரு தடவை போக மனசு வரவில்லை.

மீன்காரியிடம் மட்டும் போனேன். கண்காட்சி முடிந்த வாரத்தில், இயந்திரம் இல்லாமல் கடை பாதி சாத்திக் கிடந்த ஒரு காலையில். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அதுக்குத்தானா அன்னைக்கு அவ்வளவு வெளமீன அள்ளிட்டுப் போன? நான் கூட வீட்டுல விசேசம்னுல்லா நெனச்சேன்.”

நான் ஒரு ஐந்நூறை எடுத்து நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றாள். நீ அடிக்காத நோட்டுக்கு நீ ஏன் கொடுக்கிறாய் என்றாள். கட்டாயப்படுத்தியதும், தராசில் மீனை வைத்துத் தட்டு பலகையில் முட்டுகிற அளவுக்குத் தாராளமாக நிறுத்து, ஐந்நூறுக்குண்டான மீனை என் பையில் போட்ட பிறகுதான் நோட்டைத் தொட்டாள். இந்தத் தடவை வெயிலில் பிடித்துப் பார்க்கவில்லை.

கண்காட்சியில் என்ன இருந்தது என்று கேட்டாள். ராஜா, சிங்கம், கப்பல், டிராக்டர் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். திறப்பு அன்றைக்கு டீச்சர் வாசலில் முதலாவதாக ஒரு காசின் படத்தை மாட்டியிருந்தார். பாண்டியர் காலத்துச் செப்புக்காசு. அதையும் சொன்னேன்.

“அதுல என்ன போட்டிருந்துச்சு?”

“மீனு.”

அவள் கையில் இருந்த கத்தி நின்றது. “மீனா? துட்டுலயா?”

“ஆமா. கொற்கைல ராசா இருந்த காலத்துல. இந்தா, இங்கன பக்கத்துலதான.”

“என்ன மீனு?”

என்ன மீன் என்று நான் கவனிக்கவில்லை. டீச்சரைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

“கேட்டுட்டு வா,” என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்துச் செதிலைச் சீவ ஆரம்பித்தாள்.